ஓடிப் பழகாதார் நெடுந்தூரம் ஓடப் பழகுமாறு

கல்லூரி மலர்கள் யாவற்றிலும் விளையாட்டுப் பகுதி என ஒன்று உண்டு. இல்லப் போட்டிகளில் முதலிடம் பெற்றோர், முறியடிக்கப்பட்ட சாதனைகள், கேடயம் வென்ற குழுக்கள் ஆகியன அதிலே நிரல்பட வரையப்படும். அது வேண்டியதே. 1958 ஆம் ஆண்டில் தோக்கியோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் பெற்று, அப்போட்டிகளில் இலங்கைக்கு முதற் பொன்னை ஈட்டித் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றிலே பயின்றவர் என்பதை நினைக்குந்தோறும் நாம் பெருமிதங் கொள்கின்றோம். ஆயின், எந்த மலரும் ஓட்டத்தில் இறுதியாய் வந்தோரைப் பற்றி எழுதுவதில்லை. ஓடாமலே மரநிழலில் நின்று கைதட்டியோரைப் பற்றியும் எழுதுவதில்லை. தொகையால் மிக்கார் இவர்களே. இக்கட்டுரை இவர்களுக்காக எழுதப்படுவது.

பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களிற் பேச்சு எங்கே தொடங்கினும் ஈற்றில் மாத்திரைகளில் வந்து முடிவதை யாவரும் அறிவர். ஒருவருக்கு நீரிழிவு, ஒருவருக்குக் குருதியமுக்கம், இன்னொருவருக்கு முடியுருநாடியில் அடைப்பு. எந்தத் தோழர் வரவில்லை என்று வினவினால், அதற்குரிய விடை சில வேளைகளில் அவையை மௌனமாக்கிவிடுகின்றது. தென்னாசிய மக்களுக்கு நீரிழிவும் இருதயநோயும் ஏனையோரிலும் இளவயதிலேயே, குறைந்த உடற்பருமனிலேயே தோன்றுகின்றன என மருத்துவர் கண்டுள்ளனர். மேசைமுன் அமர்ந்து வாழ்நாளைக் கழிக்கும் வழக்கம் இதனை மேலும் கடிதாக்குகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உடலுழைப்பிலோ ஈடுபடல் வேண்டும். மெதுவான நெடுந்தூர ஓட்டம் இந்த அளவை எய்துதற்குச் செலவு குறைந்த வழிகளுள் ஒன்றாகும்.

நெடுந்தூரம் என்பது யாது?

நெடுந்தூர ஓட்டம் என்றவுடன் பலர் மரதன் ஓட்டத்தையே நினைப்பர். அதன் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908 ஆம் ஆண்டின் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தூரம் 1921 இல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. புதிதாய்த் தொடங்குவோர் அதனை எண்ணி மலைத்தல் வேண்டா. அதனை உடனே அடைய முயலுதலும் வேண்டா. அவர்க்குரிய முதல் இலக்கு 5 கிலோமீற்றர். 400 மீற்றர் சுற்றுடைய மைதானத்தில் இது பன்னிரண்டரைச் சுற்றாகும். நெடுங்காலம் ஓடாத ஒருவர் இதனை நில்லாது ஓடிமுடிக்க ஏறத்தாழ 40 நிமிடம் எடுத்தல் இயல்பு. அவ்வளவில் ஓடினாரும் ஓடினாரே. நேரக்கணிப்பு இரண்டாம் ஆண்டிற்கு உரியது.

இம்முறை வந்த வரலாறு

மெல்ல ஓடுதல் நோயாளர்க்கும் முதியோர்க்கும் உரிய பயிற்சியாகும் என்பதை உலகுக்குக் காட்டியவருள் முதன்மையானவர் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரைச் சேர்ந்த ஆதர் லிடியாட் என்பவர். இவர் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். றகர் விளையாட்டு வீரராகிய தம்மைத் திடகாத்திரர் என்றே எண்ணியிருந்தார். ஒருநாள் மூத்த ஓட்டவீரர் ஒருவருடன் 5 மைல் ஓட நேர்ந்தபோது, அவர் பின்னே செல்லமாட்டாது மூச்சிரைத்துத் துவண்டார். இப்பொழுதே இந்நிலையாயின், இன்னும் இருபது ஆண்டின் பின் என் நிலை யாதாகும் என்ற எண்ணம் அவரைப் பயிற்சியிற் புகுத்தியது. பல ஆண்டு தம்மைத் தாமே சோதித்து அவர் வகுத்த முறையிற் பயின்ற பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மறே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும், 1960 ஆம் ஆண்டின் உரோமாபுரி ஒலிம்பிக்கில் ஒரே நாளிற் பொற்பதக்கம் வென்றனர்.

எனினும் நமக்கு வேண்டுவது அவர் அதன்பின் செய்த காரியம். 1960களின் தொடக்கத்தில், மாரடைப்பு ஏற்பட்டுத் தேறியவர் உள்ளிட்ட நடுவயதினரை அவர் ஒன்று சேர்த்து, மிக மெதுவாக ஓடப் பழக்கினார். அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் பவர்மன் 1962-63 இல் அங்குச் சென்றார். ஐம்பதைக் கடந்திருந்த அவர் அக்குழுவினருடன் ஓடியபோது, மாரடைப்புக் கண்டு தேறியவரும் எழுபதைக் கடந்தவருமாகிய ஒரு முதியவரோடு ஈடுகொடுக்க இயலாது பின்தங்கினார். நாடு திரும்பியதும் தம் ஊரவர்க்கு அம்முறையைக் கற்பித்து, இருதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து 1967 இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். ஓட்டமும் நடையும் மாறிமாறிச் செய்யும் முறையை ஜெவ் கலோவே என்பார் 1970களில் பரப்பினார். 1996 இல் ஜொஷ் கிளாக் என்பார், ஒருபோதும் ஓடாதவரை ஒன்பது வாரத்தில் 5 கிலோமீற்றருக்கு ஆயத்தஞ் செய்யும் அட்டவணை ஒன்றை வகுத்தார். இவை யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: உடலை வருத்தாது பழக்குதல்.

உடலில் நிகழ்வது யாது?

பயிற்சி தொடங்கிய முதல் இரு வாரத்திலேயே குருதியின் நீர்ப்பகுதி பெருகுகின்றது. அதனால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடிய குருதியைச் செலுத்துகின்றது. பின்னர் வரும் வாரங்களில் தசைகளிடையே நுண்ணிய மயிர்த்துளைக்குழாய்கள் பெருகுகின்றன; தசைக் கலங்களுள் ஒட்சிசனைக் கொண்டு சத்தியை விளைவிக்கும் இழைமணிகளும் மிகுகின்றன. இதன் பயனாக, முன்பு மூச்சிரைக்கச் செய்த வேலை எளிதாகின்றது. ஓய்ந்திருக்கும்போது நாடித்துடிப்புக் குறைகின்றது. தசைகள் குருதியிலுள்ள குளுக்கோசை நன்கு பயன்படுத்துகின்றன.

ஆயின் என்புகளும் தசைநாண்களும் இவ்வளவு விரைவாக மாறுவதில்லை. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல்நிறையின் இரண்டு முதல் மூன்று மடங்கு வரையான விசை காலிற் படுகின்றது. 75 கிலோகிராம் நிறையுள்ளவர்க்கு இது 150 முதல் 225 கிலோகிராம் நிறையைத் தாங்குவதற்கு ஒப்பாகும். இவ்விசைக்கேற்ப என்பு தன்னைப் புதுக்கிக்கொள்ளும். அவ்வாறு புதுக்குங்கால் முதலிற் பழைய பகுதி கரைக்கப்பட்டுப் பின்னரே புதியது படிகின்றமையால், இடையிற் சில வாரம் என்பு சற்று நலிவுற்றிருக்கும். நெஞ்சும் மூச்சும் நாலாம் வாரத்தில் இன்னும் ஓடலாம் என்று சொல்லும். காலோ அதற்கு இன்னும் ஆயத்தமாயிராது. புதியவர் பலர் முழங்கால் நோவுடனும் கணைக்கால் நோவுடனும் பயிற்சியைக் கைவிடுவது இக்காலத்திலேயே. ஆதலின் அட்டவணையை மூச்சுக்கு ஏற்ப விரைவுபடுத்தாது காலுக்கு ஏற்ப அமைத்தல் வேண்டும்.

முதலில் வைத்தியர், பின்னர் மைதானம்

அமெரிக்கரான ஜிம் விக்ஸ் என்பார் முப்பத்தைந்தாம் வயதளவில், உடல்பருத்துப் புகைபிடிப்பவராய் இருந்த நிலையில் ஓடத் தொடங்கினார். புகையை விட்டார், நிறை குறைந்தார், 1977 இல் ஓட்டத்தைப் பற்றி எழுதிய நூலால் உலகப் புகழ் எய்தினார். அவரே 1984 இல், ஐம்பத்திரண்டாம் வயதில், ஓடச் சென்றவிடத்து மாரடைப்பால் இறந்தார். அவருடைய முடியுருநாடிகள் பெரிதும் அடைபட்டிருந்தமை பிரேத பரிசோதனையிற் புலனாயிற்று. அவர் தந்தையாரும் நாற்பத்து மூன்றாம் வயதில் இருதயநோயால் இறந்தவர். ஓட்டம் தீது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழை. ஓடுபவர்க்கு நோய் வராது என்று கொள்வதும் பிழையே. கொள்ள வேண்டிய பாடம், குடும்பத்தில் உள்ள நோயை ஓடி மறைக்க முடியாது என்பதாம்.

நாற்பதைக் கடந்தோரும், நீரிழிவு, குருதியமுக்கம், மிகுந்த கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் உடையோரும், புகைபிடிப்போரும், பெற்றோர் உடன்பிறந்தோருள் எவரேனும் இளவயதில் இருதயநோயால் இறக்கப் பெற்றோரும் தொடங்குமுன் வைத்தியரைக் காணல் வேண்டும். இயல்பாக ஓடாத ஒருவர் ஒருநாள் திடீரென்று முழுவிசையோடு ஓடும்பொழுதே அபாயம் மிகுகின்றது; படிப்படியாய்ப் பழகியவர்க்கு அது மிகவும் குறைகின்றது. பழைய மாணவர் போட்டிகளில் பயிற்சியின்றிக் களத்தில் இறங்கும் அன்பர்கள் இதனைச் சிந்தித்தல் நன்று.

இன்சுலினோ குருதி வெல்லத்தைக் குறைக்கும் சில மாத்திரைகளோ கொள்வோர்க்கு ஓட்டத்தின்போதும் அதன் பின்னும் வெல்லம் மிகத் தாழ்ந்துவிடக்கூடும். அவர் மருந்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறிவதோடு, குளுக்கோசோ இனிப்போ சட்டைப்பையில் வைத்தே ஓடுதல் வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதங்களில் உண்டாகும் கொப்புளம் தெரியாமலே புண்ணாகிவிடும். ஓடிவந்தபின் பாதத்தைப் பார்த்துத் தடவி அறிதல் கட்டாயம். ஓடுங்கால் நெஞ்சில் இறுக்கமோ, இடக்கையிலோ தாடையிலோ பரவும் நோவோ, தலைச்சுற்றோ, இயல்பை மீறிய மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே நின்றுவிடுக. அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. நாளை பார்ப்போம் என்று வாளாவிருத்தல் ஆகாது.

எவ்வளவு விரைவாக ஓடுவது?

நாற்பத்தைந்து வயதான ஒருவர் ஓடத் தொடங்கியவுடன் பதினேழு வயதில் ஓடிய விரைவையே மனம் நினைவூட்டும். இரண்டு நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும்போல் இருக்கும்; இது நமக்கு ஆகாது என்று வீடு திரும்புவார். ஆகாதது அவருடல் அன்று. அவர் எடுத்த விரைவே.

உரிய விரைவை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே அருகில் வருபவருடன் முழு வாக்கியங்களிற் பேச இயலுமாயின் அவ்விரைவு பொருத்தமானது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்செடுக்க வேண்டியிருப்பின் அது மிகை. பாட இயலுமாயின் சற்றே விரைவு கூட்டலாம். விரைந்து நடப்பவர் நம்மை முந்திச் சென்றாலும் நாணுதல் வேண்டா. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும். அடிகளைக் குறுகலாக வைத்து, பாதம் உடலுக்கு நேர்கீழே ஊன்றுமாறு, தோளையும் கையையும் இறுக்காது ஓடுதல் நலம்.

பதினான்கு வார அட்டவணை

கீழ்வருவது வாரத்தில் மூன்று நாட் பயிற்சி. இரு நாட்களுக்கிடையே ஒருநாளாவது ஓய்வு அமைதல் வேண்டும். ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் 5 நிமிடமும் இறுதியில் 5 நிமிடமும் நடத்தல் இதற்குப் புறம்பானது.

1, 2 ஆம் வாரம்: 30 நிமிட விரைநடை மாத்திரம்.
3 ஆம் வாரம்: 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, எட்டு முறை.
4 ஆம் வாரம்: ஒன்றரை நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, ஏழு முறை.
5 ஆம் வாரம்: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, ஆறு முறை.
6 ஆம் வாரம்: 3 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, ஐந்து முறை.
7 ஆம் வாரம்: 5 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, நான்கு முறை.
8 ஆம் வாரம்: 7 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, மூன்று முறை.
9 ஆம் வாரம்: 10 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, இரண்டு முறை.
10 ஆம் வாரம்: 15 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 10 நிமிட ஓட்டம்.
11 ஆம் வாரம்: 20 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 10 நிமிட ஓட்டம்.
12 ஆம் வாரம்: இடைவிடாது 25 நிமிடம் இரு நாள், மூன்றாம் நாள் 30 நிமிடம்.
13 ஆம் வாரம்: 30 நிமிடம் இரு நாள்; மூன்றாம் நாள் 35 நிமிடம்.
14 ஆம் வாரம்: 20 நிமிடம் இரு நாள், மூன்றாம் நாள் 5 கிலோமீற்றர்.

9 ஆம் வாரத்தில் மொத்த ஓட்டம் சற்றுக் குறைவதைக் காண்க. அது கால்கள் தேறுதற்காக வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஒரு வாரம் கடினமாயிருப்பின் அதனையே மறுமுறை செய்க. இருபது வாரம் எடுத்தாலும் குறைவில்லை. காய்ச்சலாலோ வேலையாலோ ஒரு வாரம் தவறின், விட்ட இடத்துக்கு முந்திய வாரத்திலிருந்து தொடங்குக. தவறிய நாட்களையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஓடிக் கடனடைக்க முயலல் ஆகாது.

தொடக்க நாட்களில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைகள் நோதல் இயல்பு. அது தானே தணியும். ஓடும்தோறும் மிகுவதும், ஓரிடத்தில் விரல் வைத்துக் காட்டத்தக்கதும், நொண்டச் செய்வதுமாகிய நோவு வேறு. அது உண்டாயின் ஓட்டத்தை நிறுத்தி, நோவின்றி நடக்க முடியுமாயின் நடை மாத்திரம் கொள்க. சில நாளில் தணியாவிடின் வைத்தியரைக் காண்க.

வெயிலும் வீதியும்

நம் நாட்டில் ஓடுவோர்க்கு முதற் பகை வெப்பம். ஓடும்போது தசைகளில் விளையும் வெப்பம் வியர்வை ஆவியாதலாலேயே பெரிதும் வெளியேறுகின்றது. காற்றிலே ஈரம் மிக்கிருப்பின் வியர்வை வழியுமேயன்றி ஆவியாகாது. ஆகவே விடியற்காலையே சிறந்தது. மாலையாயின் வெயில் தாழ்ந்தபின் ஓடுக. குளிர்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பழைய மாணவர் வெப்பம் உடலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதை மறவாது, முதல் நாட்களில் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வாராக.

தாகம் எடுக்கும் அளவுக்கு நீர் அருந்துதல் போதும். அளவிறந்து நீர் குடிப்பின் குருதியிற் சோடியம் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரக்கூடும். காலையில் ஒரு தேநீரும் பனங்கட்டித் துண்டும், அல்லது ஒரு வாழைப்பழமும் கொண்டு ஓடலாம். நீரிழிவுள்ளோர் இதனையும் வைத்தியர் சொன்னபடியே கொள்க. புட்டும் இடியப்பமும் ஓடிவந்தபின் ஆகுக. வயிறார உண்டவர் இரண்டு மூன்று மணிநேரம் பொறுத்தல் வேண்டும்.

செலவிட வேண்டிய பொருள் சப்பாத்து ஒன்றே. நீண்டிருக்கும் விரலுக்கு முன்னே பெருவிரலின் அகலம் இடம் இருக்குமாறு, நடந்தும் ஓடியும் பார்த்து வாங்குக. விலை மிக்கது நல்லது என்பதற்கில்லை; காலுக்கு இசைவதே நல்லது. வீதியில் ஓடுவோர் வாகனங்களை எதிர்நோக்கி வலப்புற ஓரமாக ஓடுக. இருள் நீங்காத வேளையில் வெண்ணிற உடை அணிக. கட்டாக்காலி நாய்கள் துரத்தின் ஓட்டத்தை நிறுத்தி, அவற்றை நோக்கியவாறே மெல்ல நடந்து விலகுக. கடித்துவிடின் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு சொல்

பாடசாலைகளிற் பிந்தி வந்தவனையும் வீட்டுவேலை செய்யாதவனையும் மைதானத்தைச் சுற்றி ஓடிவரச் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாய் இருந்தது. தண்டனையாகக் கற்ற ஒன்றைத் தண்டனை நீங்கியபின் எவன் விரும்பிச் செய்வான்? நடுவயதில் நம்மவர் ஓட்டத்தைக் கண்டு அஞ்சுதற்கு அவ்வழக்கமும் ஒரு காரணம் எனலாம். ஆசிரியர்கள் ஓட்டத்தைத் தண்டனையாக அளிக்காது விடுவாராயின், முப்பது ஆண்டின் பின் அதன் பயன் தெரியும். இல்லப் போட்டிகளிலும், நெடுந்தூர ஓட்டத்தை ஓடிமுடித்த ஒவ்வொருவருக்கும் இல்லத்தின் கணக்கில் ஒரு புள்ளியேனும் வழங்குதல் தகும். முதல் மூவர்க்கு மாத்திரம் புள்ளி அளிக்கும்போது எஞ்சிய நூற்றுவர்க்கும் நாம் கற்பிப்பது, ஓட்டம் உங்களுக்கு உரியதன்று என்பதே.

மாணவர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். வீட்டிலே உங்கள் தந்தையாரோ பேரனாரோ இவ்வட்டவணையைத் தொடங்குவாராயின், அவருடன் கூடச் செல்லுங்கள், முன்னே ஓடிவிடாதீர்கள். துணை இருப்பின் பயிற்சி தவறுவது குறையும். பேசிக்கொண்டே ஓடும் விரைவே அவர்க்கு உரிய விரைவாதலின், உங்கள் பேச்சே அவர்க்குக் கருவியுமாகும்.

பழைய மாணவராகிய அன்பர்கள் இன்றே ஓட வேண்டும் என்பதில்லை. இவ்வாரம் வைத்தியரிடம் சென்று குருதியமுக்கமும் வெல்லமும் அளந்துகொள்வதும், அவர் இசைந்தபின் மூன்று நாள் அரைமணி நேரம் நடப்பதும் போதும். முதல் வாரத்துக்குரிய பயிற்சி அவ்வளவே.